சார்ஜ் ஏறாமையின் சரித்திரம்

மடிக்கணினித் திரையின் கீழ்க்கோடியில், கடிகாரத்துக்கு அருகே, பாட்டரியின் சிறு சித்திரம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினால், இணைப்புக் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்படும் ஒரு வாசகத்தை விண்டோஸ் சில சமயம் காட்டும். மின்சாரம் வந்துகொண்டிருப்பதை யந்திரமே ஒப்புக்கொள்கிறது. பாட்டரி இருப்பதையும் ஒப்புக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே நடக்கவேண்டிய காரியம் ஏன் நடக்கவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கலத்துக்கு நூற்றறுபது வருஷத்துக்கு மேற்பட்ட பூர்வ சரித்திரம் உண்டு. அதன் பெரும்பகுதியில் சார்ஜ் ஏறவில்லை என்று ஒருவர் சொன்னால், ஏற முடியவில்லை என்பதே தாத்பரியமாக இருந்தது: தகடு கெட்டிருக்கும், அமிலம் வற்றியிருக்கும், கம்பி அறுந்திருக்கும். கடைசி முப்பது வருஷங்களிலோ, எல்லா அங்கங்களும் சௌக்கியமாக இருக்கும்போதே ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்று பாட்டரியோ, யந்திரத்தின் மின்சுற்றுப் பலகையோ, சார்ஜரோ மறுத்துவிடுகிற நிலைமை வந்திருக்கிறது. இயலாமை எப்படி மறுப்பாக மாறிற்று என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

வோல்டா என்ற இத்தாலியர் 1800-ஆம் வருஷத்திலேயே மின்கல அடுக்கைச் செய்து காட்டிவிட்டார் என்றாலும், அது உள்ளிருக்கும் துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் கொடுத்து, தீர்ந்ததும் குப்பைக்குப் போகிற ஜாதியைச் சேர்ந்தது. இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை உள்ளே செலுத்தினால் வாங்கிக்கொள்வதும் வேண்டும்போது திருப்பித் தருவதுமான முதல் கலத்தை 1859-இல் பாரிஸில் செய்தவர் காஸ்தோன் பிளான்தே. டைனமோ அப்போது நடைமுறைக்கு வந்திராதபடியால், தம்முடைய புதுக் கலத்துக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கு, ஒருமுறை செலவழிந்தால் தீர்ந்துபோகிற பழைய ஜாதிக் கலங்களையே அவர் கொண்டுவந்து இணைக்கவேண்டியிருந்தது என்பது வேடிக்கையான சங்கதி. அதைவிட வேடிக்கை, ஈயத்தின் மேற்பரப்புப் பதமாவதற்காகச் சார்ஜை ஏற்றுவதும் இறக்குவதும் மறுபடி ஏற்றுவதுமாக மாதக்கணக்கில் அவர் அதனோடு மன்றாட நேர்ந்தது. சார்ஜ் சரியாக ஏறாத உபகரணம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், உலகத்தின் முதல் சேமிப்புக் கலமே அதுதான். 1881-இல் ஃபோர் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் ஈய ஆக்ஸைடைக் களிம்பாகக் குழைத்துத் தகட்டின்மேல் பூசும் உபாயத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த நீண்ட தவம் சுருங்கியது.

ஈய பாட்டரியைப் பராமரித்தவர்கள் அதனுடைய வியாதியைப் பெரும்பாலும் தங்கள் இந்திரியங்களைக் கொண்டே கண்டுபிடித்தார்கள். மூடியைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சும்போது, மிதவை 1.28-ஐ ஒட்டி நின்றால் நிறைவு, 1.12 அளவுக்கு இறங்கினால் காலி. ஓர் அறையில் மட்டும் அளவு தாழ்ந்திருந்தால் அந்த அறையின் தகடு கெட்டிருக்கிறது. சார்ஜ் நிறைந்துவிட்டதைக் குமிழிகளின் சத்தமும், அளவு மீறிவிட்டதைக் காரமான நெடியும் தெரிவித்தன. தகட்டின்மேல் வெண்மையாக ஈய சல்பேட் படிந்து இறுகிவிட்டால் எத்தனை மணி நேரம் இணைத்துவைத்தாலும் ஏறாது என்பதும், காய்ச்சி வடித்த நீரை விட்டுத் தகடு மூழ்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதும், லாரிப் பட்டறையில் வேலை பழகும் பையனுக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அந்த பாட்டரிக்குத் தன்னைப் பற்றிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டது, அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் கொதித்து நாசமாயிற்று.

கணினியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் வியாபார ரீதியில் முதலில் வெற்றிபெற்றது 1981-இல், சான் பிரான்சிஸ்கோவில் வெளியான ஆஸ்போர்ன் 1 என்ற யந்திரத்தால். அதை உலகுக்குக் கொண்டுவந்த ஆடம் ஆஸ்போர்னுக்கும் நம் நாட்டுக்கும் இருந்த சம்பந்தம் இங்கே பலருக்குத் தெரியாதது. அவர் தகப்பனார் ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியைப் பற்றிப் புஸ்தகங்கள் எழுதி, ரமணாசிரமத்தின் ஆங்கிலப் பத்திரிகையான மௌண்டன் பாத்தை 1964-இல் தொடங்கிய அதே ஆஸ்போர்ன்தான். பிள்ளையின் பால்யம் திருவண்ணாமலையில் கழிந்தது. அமெரிக்காவில் புகழும் செல்வமும் பெற்று, 1983-இல் கம்பெனி திவாலாகி, வெகு காலத்துக்குப் பின் இந்தியாவுக்குத் திரும்பிய அவர் 2003-இல் கொடைக்கானலில் காலமானார். அருணாசலத்தின் அடிவாரத்தில் வளர்ந்தவர் செய்த அந்தப் பெட்டி ஏறக்குறைய 11 கிலோ கனம். திரையோ 5 அங்குலம். விலை 1,795 டாலர். உள்ளே பாட்டரி கிடையாது. எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், ஆனால் போன இடத்தில் சுவரில் பிளக் துவாரம் இருக்கவேண்டும். சார்ஜ் ஏறவில்லை என்ற புகாருக்கே அதில் இடமில்லை என்பதை அதன் சிறப்பாகக் கொள்வதா குறையாகக் கொள்வதா என்பது அவரவர் ருசியைப் பொறுத்தது.

மடியில் வைக்கக்கூடிய அளவில், தன் சொந்த பாட்டரியில் ஓடியது, அடுத்த வருஷம் விற்பனைக்கு வந்த ஜப்பானிய எப்ஸன் எச்எக்ஸ்-20. 1.6 கிலோ எடையும், 4 வரிகளே கொண்ட திரையும் உடைய அது, ஒருமுறை ஏற்றிய சார்ஜில் சுமார் 50 மணி நேரம் உழைத்தது. வேலை குறைவாகச் செய்கிற யந்திரம் மின்சாரத்தையும் குறைவாகவே கேட்கிறது. திரை பெரிதாகி, வட்டு சுழலத் தொடங்கி, பின்னொளி ஏறியபிறகுதான் சார்ஜ் என்பது மனிதனுடைய நித்தியக் கவலைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. அந்தக் கவலையை வியக்கத்தக்க விதத்தில் அதிகப்படுத்தியது, ஆப்பிள் கம்பெனி 1989-இல் வெளியிட்ட மகின்டாஷ் போர்ட்டபிள். 7 கிலோவுக்கு மேற்பட்ட அந்த யந்திரத்தில் ஈய பாட்டரியைச் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தோடு வரிசைத் தொடராக இணைத்திருந்தார்கள். அதன் விளைவாக, பாட்டரி முற்றிலும் செத்துப்போனால், சார்ஜரைச் செருகியிருந்தாலுங்கூட யந்திரம் கண் விழிக்காது. யந்திரத்தை எழுப்ப பாட்டரி வேண்டும், பாட்டரியோ செத்திருக்கிறது என்ற இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள், சார்ஜர் கெட்டது என்று சார்ஜரையும், பலகை கெட்டது என்று பலகையையும் மாற்றிப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிப்பதில் தவறில்லை. உண்மையில் அவை இரண்டும் கெடவில்லை. வயது முடிந்த பாட்டரி ஒன்று, தான் இருந்தால்தான் வீடு நடக்கும்படியான ஸ்தானத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே.

ஈயத்தின் கனத்திலிருந்து மடிக்கணினியை விடுவித்தது நிக்கல்-காட்மியம். ஸ்வீடன் தேசத்து வால்டமர் யுங்னர் 1899-இல் கண்ட இந்த ஜோடி, முற்றும் மூடிய சிறு உருளைகளாகச் செய்ய முடிந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கையில் பிடிக்கும் உபகரணங்களுக்கெல்லாம் ஆதாரமாயிற்று. மூடியைத் திறந்து பார்க்க முடியாத பாட்டரி சாமானிய ஜனங்களின் வீட்டுக்குள் புகுந்தது அப்போதுதான். ஹைட்ரோமீட்டருக்கு வேலை போயிற்று. நிறைந்துவிட்டதா என்பதைச் சார்ஜரே ஒரு நுட்பமான அடையாளத்தைக் கொண்டு யூகிக்க வேண்டியதாயிற்று. நிறையும் தறுவாயில் கலம் சூடேறி, அதுவரை ஏறிக்கொண்டே வந்த வோல்ட்டேஜ் சற்றே சரியும். அந்தச் சரிவைக் கண்டதும் சார்ஜர் நிறுத்திவிடும். வெயிலில் கிடந்த பாட்டரியையோ, பழசாகிப்போன பாட்டரியையோ வைத்தால் இந்த யூகம் தவறி, பாதியிலேயே நின்றுவிடுவதும், நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் வறுத்தெடுத்துவிடுவதும் உண்டு.

நிக்கல்-காட்மியத்தோடு கூடவே ஓர் ஆசாரமும் பிறந்தது. விண்கலங்களில், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு மட்டும் இறங்கி ஏறிய கலங்கள், நாளடைவில் அந்த அளவுக்குமேல் கொடுக்கத் தயங்கின என்பதைக் கண்டு, அதைப் பாட்டரியின் ஞாபக தோஷம் என்று சொல்லலாயினர். வீட்டு உபயோகத்தில் நேர்ந்த பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அந்த ஞாபகமல்ல, நாள்கணக்கில் சார்ஜிலேயே போட்டுவைத்த அலட்சியந்தான். ஆனாலும் பாட்டரியை அடியோடு காலி செய்துவிட்டுத்தான் மறுபடி ஏற்றவேண்டும் என்ற விதி, பயபக்தியோடு அனுஷ்டிக்கப்பட்டது. நிக்கல் போய் லித்தியம் வந்து ஒரு தலைமுறை கடந்துவிட்டது. இன்றும் புது மடிக்கணினி வாங்கினால், முதலில் 8 மணி நேரம் விடாமல் சார்ஜ் போடுங்கள், அப்புறம் முழுக்க இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்று கடைக்காரர் சொல்லியனுப்புகிறார். காரணம் செத்துப்போன பிறகும் சம்பிரதாயம் ஜீவித்திருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. லித்தியத்தை அடிக்கடி அடியோடு வற்றவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கிற காரியமாதலால், இது வெறும் தீங்கற்ற சம்பிரதாயமும் அல்ல.

லித்தியத்தின் கதை பயத்தில் தொடங்குகிறது. எண்ணெய் விலை ஏறிய 1970-களில் எக்ஸான் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் செய்த லித்தியக் கலம், சக்தியில் சிறந்ததாயினும், உலோக லித்தியம் முட்களாக வளர்ந்து எதிர்த் தகட்டைத் தொட்டுத் தீப்பற்றும் சுபாவம் உடையதாக இருந்தது. 1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்ஸைடைக் கொண்டு அதன் வோல்ட்டேஜை உயர்த்தினார். 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ உலோக லித்தியத்தை அறவே நீக்கி, கார்பனுக்குள் லித்திய அயனிகள் புகுந்து வெளிவரும்படி செய்தார். 1991-இல் ஸோனி கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் ரசாயன நோபெல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. நம் பக்கத்திலும் இந்த வித்தைக்கு ஒரு பீடம் உண்டு: அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்ததன் பேரில் காரைக்குடியில் எழும்பி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். செட்டிநாட்டு வறண்ட பூமியில் லித்தியக் கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி வெகு காலமாக நடந்துவருகிறது என்பது, பாட்டரி என்றால் ஜப்பானும் சீனாவுமே நினைவுக்கு வருகிற நம்மவர்களுக்குச் சொல்லத்தக்கது.

லித்தியக் கலத்துக்குச் சார்ஜ் ஏற்றுவது ஈயத்துக்கு ஏற்றுவது போன்றதல்ல. சாதாரணக் கலம் ஒன்றில் வோல்ட்டேஜ் 4.2-ஐத் தாண்டக்கூடாது, அதுவரைக்கும் மின்னோட்டத்தை ஒரே அளவாகச் செலுத்தி, 4.2-ஐத் தொட்டதும் வோல்ட்டேஜை அங்கேயே பிடித்துவைத்து, ஓட்டம் தானாகக் குறைந்து வடியும்வரை காத்திருக்க வேண்டும். முதல் முக்கால் பங்கு விரைவாக ஏறி, கடைசிப் பங்கு ஆமை வேகத்தில் நகர்வதைக் கண்டு யந்திரம் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப்போகிறவர்கள் இன்றும் உண்டு. அது பழுதல்ல, லித்தியத்தின் நியதி. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது ஏற்றினால் உலோக லித்தியம் தகட்டின்மேல் படிந்து பழைய முட்களின் ஆபத்து திரும்பிவிடுமாதலால் அப்போதும் ஏற்றக்கூடாது. மிகவும் சூடாக இருக்கும்போதும் கூடாது. வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்து வோல்ட்டேஜ் பாதாளத்துக்கு இறங்கிவிட்ட கலத்துக்கு, எடுத்த எடுப்பில் முழு ஓட்டத்தைக் கொடுக்காமல், துளித் துளியாகக் கொடுத்துத் தேற்றிய பிறகே மேலே போகவேண்டும். இன்னும் கீழே இறங்கியிருந்தால் தொடவே கூடாது. இப்படிக் கூடாது கூடாது என்ற நிபந்தனைகள் பெருகப் பெருக, அவற்றை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நொடியும் அமல் நடத்துவதற்கு ஓர் அதிகாரி தேவைப்பட்டார். அந்த அதிகாரி ஒரு சில்லு; அவரைப் பாட்டரிக்கு உள்ளேயே குடியமர்த்தினார்கள்.

இந்தப் பயம் கற்பனையல்ல என்பதற்கு அத்தாட்சிகள் சீக்கிரமே கிடைத்தன. 1995-இல் ஆப்பிளின் பவர்புக் 5300 லித்திய பாட்டரியோடு வெளிவந்து, ஆரம்பத்திலேயே ஓரிரண்டு தீப்பிடித்ததால், நிக்கல் ஜாதி பாட்டரிக்குத் திரும்ப நேர்ந்தது. 2006-இல் ஸோனி செய்த கலங்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் சிக்கியிருந்தமையால், டெல் கம்பெனி 41 லட்சம் பாட்டரிகளையும் ஆப்பிள் 18 லட்சம் பாட்டரிகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டன. எரிகிற மடிக்கணினியின் புகைப்படத்தைப் பார்த்த எந்த யந்திர சாஸ்திரியும், சந்தேகம் வந்தால் ஏற்றாதே என்ற விதியை இன்னும் ஒரு சுற்று இறுக்கியிருப்பாரேயன்றித் தளர்த்தியிருக்க மாட்டார். ஏற்றத் தவறினால் ஒரு வாடிக்கையாளர் சலித்துக்கொள்வார். ஏற்றத் துணிந்தால் ஒரு வீடு எரியலாம்.

1990-களின் நடுவில் டியூரஸெல் கம்பெனியும் இன்டெல் கம்பெனியும் சேர்ந்து, பாட்டரி பேசுவதற்கு ஒரு பாஷையையும் அதற்கு இரண்டு மெல்லிய கம்பிகளையும் ஏற்படுத்தின. தன்னிடம் எத்தனை மிச்சம் இருக்கிறது, எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறது, எவ்வளவு சூடு என்பவற்றைப் பாட்டரி அந்தக் கம்பிகளின் வழியே தெரிவிக்கும். அதோடு நில்லாமல், எனக்கு இத்தனை வோல்ட்டில் இத்தனை ஆம்பியர் கொடு என்று கட்டளையும் இடும். ஆண்டான் யார் அடிமை யார் என்ற உறவு இங்கே தலைகீழாயிற்று. இப்போது சார்ஜ் ஏறவில்லை என்றால், பெரிய கம்பியில் மின்சாரம் வராமல் இருக்கலாம். அல்லது மின்சாரம் தாராளமாக வந்தும், சிறிய கம்பியில் பேச்சு வராமல் இருக்கலாம். மல்ட்டிமீட்டரை வைத்தால் முன்னது தெரியும், பின்னது தெரியாது.

சார்ஜர் பக்கத்திலும் இதே பேச்சு தொடங்கிற்று. நான்கு கலங்களை வரிசையாகத் தொடுத்த பாட்டரிக்கு நிறைவில் 16.8 வோல்ட் ஆகுமாதலால், அதைவிடச் சற்று உயர்ந்த 19 அல்லது 20 வோல்ட்டைத் தருகிற கறுப்புப் பெட்டி அநேகமாக எல்லா மடிக்கணினிகளுக்கும் பொதுவான வழக்கமாயிற்று. வோல்ட்டேஜ் ஒன்றாகிவிட்டால் யார் சார்ஜரையும் யாரும் உபயோகிக்கலாமே என்று எளிய புத்திக்குத் தோன்றும். ஆனால் டெல் யந்திரங்களின் சார்ஜர் முனையில், வெளி வளையம், உள் வளையம் இரண்டோடு, மையத்தில் ஊசி போல மூன்றாவது பின் ஒன்று உண்டு. சார்ஜருக்குள் இருக்கும் சிறிய நினைவுச் சில்லிலிருந்து அதன் ஜாதகத்தை, அதாவது அது எத்தனை வாட் பெட்டி என்பதை, யந்திரம் அந்த ஊசியின் வழியாக வாசிக்கிறது. ஊசி வளைந்தாலோ, உள்ளே மயிரிழைக் கம்பி அறுந்தாலோ, யந்திரம் ஓடும், திரை ஒளிரும், ஆனால் இந்த சார்ஜர் இன்னதென்று தெரியவில்லை என்று அறிவித்துவிட்டு, பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது, தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். 19.5 வோல்ட் குறைவில்லாமல் வந்துகொண்டிருக்கும்போதே நடக்கிற இந்த நாடகம், மறுப்பின் சரித்திரத்தில் ஒரு முக்கியமான கட்டம். சக்தி போதாத சார்ஜர் சூடேறி எரியாமல் காப்பதற்கே இது என்பது கம்பெனியின் நியாயம். சொந்தச் சார்ஜரையே வாங்கவைப்பதற்கு என்பது வாங்குபவரின் சந்தேகம். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் மடிக்கணினி பணக்கார வீட்டுப் பண்டமாக இருந்த காலம் 2011 செப்டம்பரோடு முடிந்தது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் அப்போது ஆரம்பமாயிற்று. அதே காலத்தில் மின்வெட்டும் உச்சத்தில் இருந்தது. கிராமங்களில் விட்டுவிட்டு வந்த மின்சாரத்தை, வந்த மறுகணமே யந்திரத்துக்கு ஊட்டிவிடும் பரபரப்பில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சார்ஜர் சாஸ்திரம் கற்றார்கள். மாவட்டத் தலைநகரங்களில் மட்டும் இருந்த லாப்டாப் சர்வீஸ் கடைகள் தாலூகா ஊர்களுக்கும் பரவலாயின.

அந்தக் கடைகளுக்கெல்லாம் குருகுலம் சென்னை மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெரு. ரேடியோ உதிரிகளில் தொடங்கி, டெலிவிஷனுக்கும் பிறகு கணினிக்கும் கைமாறிய அந்தக் குறுகிய தெருவில், சார்ஜ் ஏறாத யந்திரத்தைப் பரிசோதிப்பதற்கு ஒரு கிரமம் உருவாகியிருக்கிறது. சார்ஜ் ஏறவில்லையா, ஏறிய சார்ஜ் நிற்கவில்லையா என்பதே தேர்ந்த மெக்கானிக்கின் முதல் கேள்வி; நிற்கவில்லை என்றால் பாட்டரி வீக், பேச்சு அங்கேயே முடிந்தது. ஏறவில்லை என்றால், வேறு சார்ஜரைப் போட்டுப் பார்ப்பார். அடாப்டர் முனையில் மீட்டரை வைப்பார். கம்பி பெட்டியிலிருந்து வெளிவரும் கழுத்தில் லேசாக அசைத்து, எண் துள்ளுகிறதா என்று கவனிப்பார், ஏனென்றால் மடித்துச் சுற்றி மடித்துச் சுற்றி அறுந்துபோகும் இடம் அதுவே. அப்புறம் ஜாக். வருஷக்கணக்கில் இடித்தும் இழுத்தும் அதன் ஈயப்பற்று விரிந்துபோயிருக்கும். முன்னெல்லாம் பலகையிலேயே பற்றவைத்திருந்த ஜாக்கைத் தனி ஒயரோடு தொங்கவிடும் வழக்கம் வந்தபிறகு, அரை மணி நேர வேலையாக இது சுருங்கிவிட்டது. ஜாக்கும் சரியென்றால் பலகையைத் திறந்து, மேஜைமேல் இருக்கும் டிசி சப்ளையில் இணைத்து, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதைப் பார்க்கிறார். ஒன்றுமே இழுக்காவிட்டால், மின்சாரம் நுழையும் வாசலில் கதவு போல இருக்கும் மாஸ்ஃபெட் திறக்கவில்லை; எடுத்த எடுப்பில் எல்லை தாண்டி இழுத்தால் உள்ளே எங்கோ ஷார்ட்; யந்திரம் ஓடுமளவுக்கு மட்டும் இழுத்து அதற்குமேல் நகராவிட்டால், சார்ஜ் ஏற்றும் சில்லான சார்ஜிங் ஐசி பாட்டரியிடமிருந்து உத்தரவுக்குக் காத்திருக்கிறது, அல்லது உத்தரவு வந்தும் அதனால் முடியவில்லை. ஒரே ஓர் எண்ணின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு உள்ளே நடப்பதை அனுமானிக்கும் இந்த வித்தை, நாடி பிடித்து நோய் சொல்லும் வைத்தியத்துக்குச் சற்றும் தாழ்ந்ததல்ல.

இத்தனைக்கும் அகப்படாத கேஸ்களுக்கென்று ஒரு பரிகாரம் பிரசித்தி பெற்றது. சார்ஜரைப் பிடுங்கி, பாட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, மறுபடி எல்லாவற்றையும் சேர்த்தால் சில சமயம் சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். மந்திரம் போலத் தோன்றினாலும் இதற்கு நியாயமான காரணம் உண்டு: யந்திரம் அணைந்திருக்கும்போதுங்கூட விழித்திருந்து சார்ஜ் விவகாரத்தைக் கவனிக்கும் சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு குழம்பி, பழைய அபிப்பிராயத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும்போது, மிச்ச மின்சாரம் முழுதும் வடிந்தால் அது எல்லாவற்றையும் புதிதாக விசாரிக்கத் தொடங்குகிறது. 2008, 2009 முதற்கொண்டு பாட்டரியைக் கழற்றமுடியாதபடி உள்ளேயே ஒட்டிவைக்கும் மோஸ்தர் பரவியபோது, யந்திரம் மெலிந்ததைப் பலர் பாராட்டினார்கள். சாமானியர் கையிலிருந்த இந்த ஒரே பரிகாரமும் அதோடு பறிபோனதைப் பாராட்டியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாட்டரிக்குள் இருக்கும் அதிகாரி சொன்ன தீர்ப்பை மாற்றுவது அதைவிடக் கடினம். கலங்களின் வோல்ட்டேஜ் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டாலோ, சூடு எல்லை மீறினாலோ, நிரந்தரப் பழுது என்று அது தன் நினைவில் எழுதிக்கொள்ளும். சில பாட்டரிகளில் உள்ளிருக்கும் ஃபியூஸையே எரித்துவிடும். பழைய உருளைக் கலங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்து பாட்டரியைப் புதுப்பிக்கும் சாமர்த்தியசாலிகள், கலங்கள் எல்லாம் புதிதாக இருந்தும் சில்லு மட்டும் பழைய தீர்ப்பையே ஒப்பித்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். அந்தச் சில்லைத் திறப்பதற்கு ரகசியச் சொல் உண்டு. 2011-இல் சார்லி மில்லர் என்ற கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், ஆப்பிள் மடிக்கணினிகளின் பாட்டரிச் சில்லுகளில், சில்லைச் செய்த கம்பெனி ஆரம்பத்தில் வைத்துக் கொடுத்த ரகசியச் சொல்லே மாற்றப்படாமல் கிடந்ததைக் கண்டுபிடித்து, அதன் வழியே உள்ளே புகுந்து பாட்டரிகளை ஒன்றுக்கும் உதவாதபடி செய்யமுடியும் என்று காட்டினார். கதவு திறந்து கிடந்ததைக் கண்டு உலகம் திடுக்கிட்டது; பூட்டு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. அடுத்த வருஷத்திலிருந்து லெனோவோவின் திங்க்பேட் யந்திரங்கள் தம் கம்பெனி முத்திரையில்லாத பாட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்ற மறுக்கலாயின.

2014-இல் யுஎஸ்பி-சி வந்தபோது, கம்பெனிக்கு ஒரு ஜாக் என்ற தொல்லை தீரும் என்ற நம்பிக்கை பிறந்தது. தொல்லை தீர்ந்ததென்னவோ உண்மை. பேச்சுவார்த்தைதான் முன்னிலும் பன்மடங்கு பெருகிற்று. செருகியவுடன் 5 வோல்ட்தான் வரும். பிறகு சார்ஜர் தன்னால் 9, 15, 20 என்று எதெது முடியும் என்பதை அறிவிக்க, யந்திரம் தனக்கு வேண்டியதைக் கேட்க, இருவரும் ஒப்பிய பிறகே வோல்ட்டேஜ் உயரும். நடுவில் இருக்கும் கேபிளுக்கும் இதில் ஓர் ஓட்டு உண்டு: தன் தகுதியைச் சொல்லும் சில்லு கேபிளுக்குள் இல்லாவிட்டால் ஓட்டம் 3 ஆம்பியருக்குமேல் போகாது, ஆகவே 20 வோல்ட்டில் 60 வாட்டோடு நின்றுவிடும். 100 வாட் சார்ஜரும் 100 வாட் யந்திரமும் சரியாக இருந்தும், மேஜை இழுப்பறையில் அகப்பட்ட கேபிளால் சார்ஜ் மெதுவாக ஏறுவதன் காரணம் இதுவே. மட்டமான கேபிள் மெதுவாக ஏற்றுவதோடு போனால் பாதகமில்லை. கூகுளில் பொறியாளராக இருந்த பென்ஸன் லியூங், 2015-இன் இறுதியிலிருந்து, கடைகளில் விற்ற கேபிள்களை வாங்கிச் சோதித்து, தவறான மின்தடை வைத்தவற்றை ஒவ்வொன்றாக அம்பலப்படுத்தி வந்தார். 2016 பிப்ரவரியில் அவர் செருகிய ஒரு கேபிளில் மின்கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறியிருந்தபடியால், அவருடைய மடிக்கணினியே பாழாயிற்று. அடுத்த மாதம் அமேஸான், விதிப்படி இல்லாத யுஎஸ்பி-சி கேபிள்களை விற்கக்கூடாது என்று தடை செய்தது.

இன்னொரு வகை மறுப்பு, நம்முடைய நன்மைக்கென்றே செய்யப்படுவது. எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் யந்திரத்தில் லித்தியம் 100 சதவிகிதத்தில் நின்றுகொண்டிருந்தால் சீக்கிரம் கிழடாகிவிடுமாதலால், 80-இலோ 60-இலோ நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு இப்போது பல யந்திரங்களில் இருக்கிறது. சிலவற்றில் கேட்காமலே அது அமலில் இருக்கும். 60-ஐத் தாண்டவில்லையே என்று புது பாட்டரி வாங்கி மாற்றி, அதுவும் 60-இலேயே நிற்பதைக் கண்டு திகைத்தவர்களுக்கு, அமைப்புகளுக்குள் போய் ஒரு குறியை எடுத்துவிட்டால் போதும் என்று சொல்வதற்கு யந்திரத்தில் ஒரு வரி இடம் இல்லாமற் போயிற்றா என்பதே என் ஆட்சேபம். மறுப்பதற்குப் பாட்டரிக்கும் பலகைக்கும் நியாயம் இருக்கிறது. மறுத்த காரணம் சில்லுக்குள் எண்களாகப் பதிவாகியும் இருக்கிறது. அதைப் பாட்டரியின் சொந்தக்காரரிடம் சொல்வதற்கு மட்டும் பெரும்பாலான கம்பெனிகள் இன்னும் மனம் வைக்கவில்லை.

ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்கும் 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் யுஎஸ்பி-சி துவாரத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்திருக்கிறது. துவாரத்தின் வடிவத்தைச் சட்டத்தால் நிர்ணயித்துவிடலாம். அதன் வழியே நடக்கும் சம்வாதத்தைக் கேட்பதற்கு வேறு சாதனம் வேண்டும். ரிச்சி தெருவில் இப்போது சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகும் கட்டை விரல் அளவு மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் சின்னத் திரையில் எண் 20-க்குத் தாவினால் பேச்சு முடிந்தது, கோளாறு யந்திரத்துக்குள்ளேதான் என்று மெக்கானிக் திருப்புளியை எடுக்கிறார். 5-இலேயே நின்றுவிட்டால், பலகையைத் திறப்பதற்கு முன்னால் வேறு கேபிளைத் தேடுகிறார்.